உத்திரமேரூர்: இரண்டு ஆண்டுகளில் மாறிய விதிகள்

சாலவாக்கம் பகுதியினர்க்கு உத்திரமேரூர் என்பது தாலுகா அலுவலகம் உள்ள ஊர். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் அங்கே சென்று திரும்பும் நம்மில் எத்தனை பேர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்து அதன் சுவரை நோக்கியிருப்போம் என்பது ஐயமே.

வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களில் பங்குத் தேவாலயம் வழிபாட்டிடமாக மட்டும் இருந்ததில்லை. ஊர்க் காரியங்களையும் தேவாலயத்தைச் சார்ந்த பங்குச் சபையே நெடுங்காலம் கவனித்து வந்தது. அதனிடம் எஞ்சியிருந்த குடிமைப் பொறுப்புகளை ஊர் மன்றங்களுக்கு மாற்றியது 1894ஆம் ஆண்டுச் சட்டம். உத்திரமேரூரிலும் கோயில்தான் சபை கூடும் இடம். அதன் சுவரே ஊரின் ஆவணக் காப்பகம்.

முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) வெட்டப்பட்ட இரு சாசனங்களைப் பலரும் ஒன்றாகக் கலந்து 'குடவோலை முறை' என்று கூறிவிடுகின்றனர். 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவிலும் இவ்வூரின் பெருமை பேசப்பட்டது. ஆயின் நம்மை ஈர்ப்பது அவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடே.

முன்னதில் உறுப்பினர்க்குரிய வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். பின்னதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். பின்னதில் தகுதியற்றோர் பட்டியலும் மிக நீள்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன், மருமகன் என உறவினர் பலரும் விலக்கப்படுகின்றனர். ஓலையை எடுப்பவன் ஏதுமறியாச் சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் ஓலையை மறைத்து மாற்றியவர் எவரேனும் இருந்திராவிடில் இப்படியொரு விதி தோன்றியிருக்குமா? இரண்டே ஆண்டுகளில் சபையார் தம் சட்டத்தைத் திருத்த நேர்ந்ததை இந்தக் கோணத்தில் வாசிப்பதே பொருத்தம் என்று கருதுகிறோம். ஊழலை ஒளிக்காமல் கல்லில் வெட்டி வைத்த துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இது பிராமணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. முப்பது குடும்புகளிலிருந்து ஓலையில் பெயர் எழுதப்பட, வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் தேவைப்பட்டன. 'மக்களாட்சியின் தொட்டில்' என்று மேடையில் முழங்குவோர் இவ்வரிகளைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். தேர்வானவர்களுள் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். அந்த ஏரியின் நீரைக் கொண்டு வயலில் உழைத்த குடிகளுக்கு வாரியத்தில் இடமில்லை.

921இன் சாசனம் ஒரு தளர்வையும் தருகிறது: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றுப் பிறர்க்கு விளக்க வல்லவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். நிலத்தின் அளவைக் குறைத்தவர்கள் கல்வியின் அளவைக் குறைக்கவில்லை.