சாயவேர்
அத்தியாயம் 5: மண்ணுக்குள் இருந்த சிவப்பு

1658 ஜூனில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். யானை, சங்கு, பனை என்று கும்பனிக்காரர் எழுதத் தொடங்கிய கணக்கில் சாயவேரும் ஏறியது.

சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்லும் செடிதான் இது. கடலோர மணலில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். காலில் மிதிபட்டாலும் யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். அதன் மதிப்பெல்லாம் மெல்லிய நீண்ட வேரில், அதிலும் வேரின் தோலில். பயிரிட்ட செடியைவிடத் தானாய் முளைத்த செடியின் வேருக்கே சாயக்காரர் அதிக விலை கொடுத்தனர்.

வேரைக் காயவைத்து இடித்துத் தூளாக்குவார்கள். துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் படிகாரக் கரைசலால் பூவும் கொடியும் எழுதுவார்கள். அப்போது துணியில் நிறம் அவ்வளவாகத் தெரியாது. வேர்த்தூள் கொதிக்கும் கொப்பரையில் அமிழ்த்தி எடுத்தால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து நிற்கும். இரும்புக் காடி பட்ட இடம் கறுத்துவிடும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கல், துவைத்து வெயிலில் போடப் போட வெளுத்துப்போகும். சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் இந்தச் சிவப்பு நன்றாக ஊன்றும். சுண்ணக்கல்லுக்குள் ஊறும் யாழ்ப்பாணக் கிணறுகளில் அதற்குக் குறைவேது!

நிறத்தை அது பிறந்த பொருளின் பெயராலேயே அழைப்பது நம் வழக்கம். மஞ்சள் என்றால் கிழங்கும் அதுதான், நிறமும் அதுதான். கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, காவி எல்லாம் அப்படி வந்தவையே. இதே வழக்கம் ஜப்பானியரிடமும் உண்டு. அவர்களுடைய பழைய சிவப்புகளில் ஒன்று ‘அகானே’. சிவந்த வேர் என்று பொருள். சாயவேரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் அது.

ஒல்லாந்தர் கப்பல்கள் 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவில் நங்கூரமிட்டு வந்தன. சாயவேரில் சிவந்த சோழமண்டலக் கரையின் எழுத்துச் சீலைகள் அங்கே ‘சரசா’ ஆயின. மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயர் ‘சந்தோமே’ என்ற கோடுபோட்ட துணிக்குப் போயிற்று. வங்காளத்தின் பெயர் ‘பெங்கரா’ என்று ஒரு செம்மண் நிறத்துக்கே ஆகிவிட்டது. ஊர்களுக்குக் கிடைத்த இந்தப் பெருமை, வேர் தோண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேர் தோண்டுவது, அதற்கென்று பதிந்து வைத்த குடிகளின் கட்டாய ஊழியம். கண்ட விலைக்கு அவர்கள் விற்க முடியாது. கும்பனி வைத்த விலைக்குக் கும்பனியிடமே கொடுக்கவேண்டும். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டர் ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் தாம் இல்லாத வேளையில் நிர்வாகம் பார்க்கும் சபையினருக்கு எழுதிவைத்த குறிப்பேட்டில் சாயவேருக்குத் தனிப் பகுதியே உண்டு. தம் மண்ணில் தானாய் முளைத்த செடியைப் பிடுங்கும் உரிமைகூட இல்லாமல், வெயிலில் குனிந்து மணலைக் கிளறியவர்களின் உழைப்புத்தான் அந்தச் சிவப்பு. சீலையின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கொடி மாறியது, ஏகபோகம் மாறவில்லை. வேர் தோண்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அவர்களும் காசு பார்த்தார்கள்.

சாயவேரை அசைக்கப்போகிற ஆபத்து எந்தக் கப்பலிலும் வரவில்லை. அது பெர்லினில் ஓர் ஆய்வுகூடத்தில் உருவானது. வேருக்குச் சிவப்பைத் தரும் பொருளின் பெயர் அலிசரின். 1868இல் கிரேப, லீபர்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதே அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு செய்து காட்டினார்கள். செடியும் வேண்டாம், மணலும் வேண்டாம், தோண்டும் ஆளும் வேண்டாம். அடுத்த ஆண்டு ஜூனில், மலிவான செய்முறைக்கு உரிமை கேட்டு இரண்டு தரப்பு லண்டன் காப்புரிமை அலுவலகத்துக்கு ஓடியது. இடைவெளி ஒரே ஒரு நாள்.

முந்தியவர் யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.