தையலூசியும் இரத்தக் குழாயும்

தையற்கலை மகளிர்க்கே உரியதென்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கைப்பணிப் பாடத்தை வேண்டா வெறுப்புடன் கற்றவன் யான். ஆகவே பிறரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆயினும், உறுப்பு மாற்று மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால், அதன் முதல் ஏட்டிலேயே பூத்தையல் செய்யும் பெண்மணி ஒருவரைக் காண்கிறோம்.

1894ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் இத்தாலிய அராஜகவாதி ஒருவனாற் கத்தியாற் குத்தப்பட்டார். கல்லீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருஞ்சிரை வெட்டுண்டது. மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும் பயனில்லை. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அவருயிர் பிரிந்தது. வெட்டுண்ட குழாயைத் தைத்துப் பிழைக்க வைக்கும் வழியை அந்நாளைய மருத்துவம் அறியாது. அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் கரேல் என்ற 21 வயது இளைஞரோ, குழாயையும் தைக்க இயலும் என்றார். லியோன், பட்டுக்குப் பெயர்போன ஊரன்றோ! பூத்தையலிற் கைதேர்ந்த லெருடியே அம்மையாரிடம் சென்று, நுண்ணிய ஊசியையும் பட்டிழையையும் கையாளக் கற்றார்.

எளிய வேலையென்று எண்ண வேண்டா. இரத்தக் குழாயின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு வழவழப்பாக இருக்கும் வரையிற்றான் இரத்தம் உறையாது ஓடும். அதிற் கீறல் விழுந்தாலும், தடித்த நூல் உள்ளே துருத்தி நின்றாலும் இரத்தம் கட்டியாகி வழியடைத்துக்கொள்ளும். பால்மரம் வெட்டுவோர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. கத்தி சற்றே ஆழமாய் இறங்கினாலும் மரம் காயப்பட்டுப் போவதை அவர்கள் நாள்தோறும் அறிவர்.

கரேல் கண்ட வழி இது. வெட்டுண்ட இரு வாய்களையும் எதிரெதிரே வைத்து, சம இடைவெளியில் மூன்று தையல்கள் இட்டார். அம்மூன்று இழைகளையும் மும்முனையிலும் மெல்ல இழுத்தால் வட்ட வாய் முக்கோணமாகிவிடும். வளைவைத் தைப்பது கடினம்; நேர்க்கோட்டைத் தைப்பது எளிது. எதிர்ப்புறச் சுவர் ஊசியில் அகப்படுவதுமில்லை. விளிம்புகளைச் சிறிது வெளிப்புறமாக மடித்து, உள்ளடுக்கு உள்ளடுக்கோடு பொருந்துமாறு தைத்தார். 1902இல் இம்முறையை வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, சிக்காகோவில் சார்லசு கத்ரியுடன் சேர்ந்து நாய்களுக்கு உறுப்பு மாற்றிப் பார்த்தார். 1912இல் நோபல் பரிசு கரேலுக்கு மட்டும் கிடைத்தது. கத்ரியை மறந்தது நியாயமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. கொடுங்குற்றவாளிகளை நச்சுப்புகையால் அகற்றலாமென்று 1935இல் ஒரு நூலில் எழுதியவரும் இதே கரேல்தான். தையலைப் போற்றும்போது இதனை மறைத்துச் சொல்லல் ஆகாது.

நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதற்கே திரும்பப் பொருத்தினால் நிலைத்தது. வேறு நாயினுடையதைப் பொருத்தினால், தையல் கெடாதிருந்தும் உறுப்புச் சில நாளிற் கெட்டது. அயலான் உறுப்பை உடல் ஏற்க மறுக்கிறது என்பது தெளிவாயிற்று. அதனாலேதான் 1954 டிசம்பர் 23இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே பெற்ற முதல் வெற்றி, ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடையே நிகழ்ந்தது.

அடுத்து நிகழ்ந்ததுதான் நம் கவனத்துக்குரியது. 1968 ஜனவரி 2இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், பிலிப் பிளைபெர்க் என்ற வெள்ளையர் பல் மருத்துவருக்கு டாக்டர் பர்னார்டு மாற்று இருதயம் பொருத்தினார். இருதயத்தைத் தந்தவர், மூளையில் இரத்தக் குழாய் வெடித்து மாண்ட 24 வயதுக் கலப்பின இளைஞர். ஒரே இருக்கையில் அமரக்கூட நிறவெறிச் சட்டம் இடந்தராத நாடு அது! பிளைபெர்க் பத்தொன்பது மாதம் வாழ்ந்து 1969 ஆகஸ்டில் மறைந்தார். இருதயத்தை அறுத்துப் பார்த்தவர்கள் திகைத்தனர். அவ்விளைஞரின் இருதயக் குழாய்கள், முதியவருடையவைபோற் கொழுப்பேறித் தூர்ந்துகிடந்தன.

உடலின் எதிர்ப்பாற்றல் குழாயின் உள்ளடுக்கை ஓசையின்றிப் புண்படுத்துவதே இதற்கு முதற்காரணம். சாதாரண அடைப்பு ஓரிரு இடத்தில் விழும். இதுவோ குழாயின் நீளம் முழுதும் சுற்றிலும் தடிப்பதால், மாற்றுவழித் தையலுக்கும் எளிதில் இடந்தராது. நரம்புகள் அறுபட்ட இருதயமாதலால் நெஞ்சுவலி என்னும் எச்சரிக்கையும் பலர்க்குத் தோன்றுவதில்லை.

சிங்கப்பூரில் 1970இலும் மலேசியாவில் 1975இலும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. எங்கள் தோட்டத்து முன்னாள் மாணவர் ஒருவர்க்கு, இனிப்பு நீரால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டன. தம்பி தம்முடையதில் ஒன்றைத் தந்தார். சில மாதம் கழித்து இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் ஏறிற்று. தைத்து இணைத்த நாடி சுருங்கியிருப்பதை ஒலியலைப் படத்திற் கண்டு, சிறு பலூனை உள்ளே செலுத்தி விரித்து விட்டனர்.

“வாத்தியார் ஐயா, புதுச் சிறுநீரகம் நல்லாத்தானே இருந்தது, அப்புறம் எதுக்குக் கோளாறு?” என்று அவர் என்னைக் கேட்டார். கரும்பலகையில் வட்டமும் முக்கோணமும் வரைந்து, மேலே கண்டவற்றை அவர்க்குச் சொன்னேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லையேல் தம்பி தந்ததன் நுண்குழாய்களும் அதே வழியில் கெடலாம் என்பதையும் மறைக்கவில்லை. சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதை ஒரு தாளில் வரைந்து தரும்படி கேட்டு வாங்கிச் சென்றார். தம்பிக்குக் காட்ட வேண்டுமாம்.