முறத்திலிருந்த அரிசி

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. லேப்டாப்பில் டீம் மீட்டிங். மடியில் எட்டு மாசப் பையன், சார்ஜர் ஒயரைக் கடிப்பதற்கான எல்லா முயற்சிகளையும் செய்துகொண்டிருந்தான். அஞ்சு வயசு மகளிடமிருந்து சத்தமே இல்லை. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அமைதி என்பது நல்ல சகுனம் அல்ல. கேமராவை அணைத்துவிட்டுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

மொட்டைமாடி முழுக்க வெள்ளை வெளேரென்று பொன்னி அரிசி. நடுவில் காலி டப்பாவோடு மகள். எதிரே மூன்று காக்கா, ஒரு புறா.

"என்னடி பண்ற?"

"பாரதியார் மாதிரி குருவிக்குப் போடறேன்மா. மிஸ் கதை சொன்னாங்க."

"குருவிக்குப் போட்டுட்டா அப்புறம் அவங்க வீட்ல என்ன சாப்பிட்டாங்கன்னு மிஸ் சொன்னாங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். "ஸ்விகில ஆர்டர் பண்ணியிருப்பாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. திட்டுவதற்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் மீட்டிங் முடிந்த பிறகும் அது என்னை விடவில்லை. அப்புறம் என்னதான் சாப்பிட்டார்கள்?

அந்தக் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். வீட்டில் அரிசி இல்லை. செல்லம்மாள் எப்படியோ கொஞ்சம் வாங்கி வந்து முறத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறார். திரும்பி வந்தால் கணவர் அதை முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்து அவற்றின் சந்தோஷத்தில் மெய்மறந்து நிற்கிறார். கதை அங்கேயே முடிந்துவிடும். கவிஞரின் மனசு எவ்வளவு பெரியது என்று நாம் வியப்போம். முறத்தைத் திரும்ப எடுத்து வைத்தது யார் என்று கேட்க மாட்டோம்.

அன்று ராத்திரி பையன் தூங்கியபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1897-இல் கல்யாணம் நடந்தபோது பாரதிக்கு 14 வயது, செல்லம்மாளுக்கு 7. மூத்த மகள் தங்கம்மாள் பிறந்தது 1904-இல். இளையவள் சகுந்தலா 1908-இல். அதே 1908-இல்தான் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி பாரதி புதுச்சேரிக்கு வந்தார். அதாவது புதுவை வாழ்க்கை தொடங்கியபோது செல்லம்மாளுக்குப் பதினெட்டு வயது, இரண்டு குழந்தைகள். எங்கள் காலேஜில் முதலாம் ஆண்டு படித்த வயசு அது. ஹாஸ்டல் மெஸ் சாம்பார் சரியில்லை என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வயசு.

பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷார் கைது செய்ய முடியாது. ஆனால் பிழைப்பைக் கைது செய்ய முடிந்தது. புதுவையிலிருந்து வந்த 'இந்தியா' பத்திரிகைக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் தடை விழுந்தது, 1910 மார்ச்சோடு அது நின்றுபோனது. தெருவில் உளவாளிகள், தபாலிலும் கண். வருமானத்துக்கு உறுதியான வழியில்லை. வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலே போவாராம். நல்ல மனிதர். ஆனால் காய்கறிக்காரியும் அப்படியே போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் குடியிருக்கும் முத்தியால்பேட்டைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. நெசவாளர் பேட்டை இது. இங்கிருந்த கிருஷ்ணசாமிச் செட்டியாருக்கு பாரதி வைத்த செல்லப்பெயர் வெல்லச்சு. அவருடைய தோப்புதான் பாரதி போய் உட்கார்ந்த குயில் தோப்பு. குயில் பாட்டு பிறந்த இடம் என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள். அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு நான் ஒரு கட்டுரையை ஒரே மூச்சில் எழுதியதில்லை. இதையே மூன்று ராத்திரிகளாக, பாட்டில் கழுவும் இடைவேளைகளில் எழுதுகிறேன். தோப்பில் ஒரு பகல் முழுக்கத் தனியாக உட்கார வேண்டுமென்றால், வீட்டில் யாரோ ஒருவர் குழந்தைகளோடு இருந்தாக வேண்டும். எங்கள் தொழிலில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நின்றால்தான் போன் வரும். செல்லம்மாள் பத்து வருஷம் நிற்கவில்லை. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அந்தப் பத்து வருஷத்தில் வந்தவை.

பாப்பா பாட்டு சகுந்தலாவை மனதில் வைத்துப் பாடியது என்பார்கள். காலையில் படிப்பு, மாலையில் விளையாட்டு என்று குழந்தைக்கு ஒரு டைம் டேபிளே அதில் இருக்கிறது. அதை என் மகளிடம் அமல்படுத்திப் பார்த்தேன். படிப்புக்கும் விளையாட்டுக்கும் நடுவே தலைவாருவது, ஒரு இட்லியை நாற்பது நிமிஷம் ஊட்டுவது, காணாமல் போன ஒற்றை ஷூவைத் தேடுவது எல்லாம் எந்தப் பாட்டிலும் ஏறாதவை.

ஆனால் ஒரு பாட்டில் ஏறியிருக்கிறது. 1916 நவம்பரில் புதுவையைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. அந்த இரவை பாரதி கணவன் மனைவி உரையாடலாக எழுதினார். அதில் முதலில் விழித்துக்கொள்பவள் மனைவி. ஜன்னல் வழியாகச் சாரல் அடிப்பதைக் கவனித்து அவள்தான் கணவனை எழுப்புகிறாள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர்ப்பக்கம் கரையேறிய ராத்திரி, கரண்ட் இல்லாத இருட்டில் ஜன்னலுக்குத் துணி அடைத்துவிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். "ம்" என்றார். பாரதியாவது எழுந்து பதில் சொல்லியிருக்கிறார். கவனித்து எழுதியும் வைத்திருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை எனக்கு இன்னும் பிடிக்கும்.

1921-இல் பாரதி இறந்தபோது செல்லம்மாளுக்கு வயது 31. அடுத்த வருஷமே அண்ணனோடு சேர்ந்து பாரதி ஆசிரமம் என்று தொடங்கி, 'சுதேச கீதங்கள்' வெளியிட்டார். அரிசி போனதற்காகக் கோபப்பட்டிருக்கக்கூடிய அதே மனுஷிதான் பாட்டு போய்விடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். 1951-இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். கவிஞருக்கு மனைவியாக இருப்பது கஷ்டம் என்பதை ஒளிக்கவில்லை. புதுமைப் பெண் என்ற யோசனைக்கு முதல் சோதனை ஆள் தானே என்றும் சொன்னார். எங்கள் பாஷையில் சொன்னால் பீட்டா டெஸ்டிங். அதில் புகாரும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. குழந்தைகளை வளர்த்து முடித்த அம்மாக்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். என் அத்தையும் அப்படித்தான்.

போன வாரம் மகளை ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். படங்களை எல்லாம் வேகமாகப் பார்த்து முடித்துவிட்டு, "குருவிக்கு எங்கம்மா போட்டாரு?" என்றாள். முற்றத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டாள்.

"அவங்க அம்மா எங்க சமைச்சாங்க?"

பின்பக்கமாகக் கையைக் காட்டினேன். அங்கே போவதற்குள் பையன் பசியில் வீரிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். கிளம்பிவிட்டோம். மாடி அரிசியைப் பெருக்கி எடுத்து, கல் பொறுக்கி, தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் மகளுக்கு ஒரு பிடி. குருவி இதுவரை வரவில்லை. புறா மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது.