பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்

பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்பது ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரு முதன்மை மருந்துகளுக்கும் கட்டுப்படாத பாக்டீரியாவால் உண்டாகும் காசநோய் வகை ஆகும்.

தோற்றம்

காசநோய்ப் பாக்டீரியாவின் மரபணுக்களில் இயல்பாகவே மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒரே மருந்தை மட்டும் அளித்தாலோ, சிகிச்சையை இடையில் நிறுத்தினாலோ எதிர்ப்புத்திறன் கொண்டவை பிழைத்துப் பெருகுகின்றன. இதனாலேயே பல மருந்துகள் சேர்த்து வழங்கப்படுகின்றன. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா காற்றின் வழியே பிறருக்கும் நேரடியாகத் தொற்றும். எனவே, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவருக்கே இந்நோய் வரும் என்பது தவறான கருத்தாகும்.

கண்டறிதல்

சளியிலுள்ள பாக்டீரியாவை வளர்த்துச் சோதிக்கப் பல வாரங்கள் ஆகும். உலக சுகாதார அமைப்பு 2010 இல் பரிந்துரைத்த மரபணுச் சோதனை, ரிஃபாம்பிசின் எதிர்ப்பை ஏறத்தாழ 2 மணி நேரத்தில் காட்டுகிறது.

சிகிச்சையும் சவால்களும்

முன்னர் சிகிச்சை 18 மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. கனாமைசின் போன்ற ஊசிமருந்துகளால் பலர் செவித்திறனை இழந்தனர். பக்கவிளைவுகளைத் தாங்க இயலாமல் சிகிச்சையைக் கைவிட்டோரும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில், மேலும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தனர் என 2006 இல் அறிவிக்கப்பட்டது.

பெடாகுயிலின் என்னும் புதிய மருந்து 2012 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினெசோலிட், மாக்சிஃபுளோக்சசின் ஆகியவற்றைக் கொண்ட, ஊசியில்லாத 6 மாதச் சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு 2022 இல் பரிந்துரைத்தது. எனினும் லினெசோலிட் நரம்புப் பாதிப்பையும் இரத்தசோகையையும் உண்டாக்கக்கூடும். பெடாகுயிலினுக்கும் கட்டுப்படாத பாக்டீரியா ஏற்கனவே கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே புதிய மருந்துகளின் பயன் நிலைக்க, முன்கூட்டிய எதிர்ப்புச் சோதனையும் தடையற்ற மருந்து வழங்கலும் இன்றியமையாதவை ஆகும்.