தங்கராஜ் வெலிங்டனை விட்டபோது

எங்க திருப்பரங்குன்றத்துல பந்து உதைக்கிற பசங்ககிட்ட பீட்டர் தங்கராஜ்னு சொன்னா, "யாரு சார் அவரு?"ன்னு கேக்குறாங்க. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர்னு பேரெடுத்தவர்ப்பா அவர்!

பிறந்தது ஹைதராபாத், 1935. ஆளாக்கியது நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் சென்டர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தவர் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். பிறகுதான் கோல் காக்கப் போனார். அந்த அணி 1955, 1958 என இரண்டு முறை டியூரண்ட் கோப்பையை வென்றது.

1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸ். அதற்கப்புறம் ராணுவத்தை விட்டார். பட்டாள அணியிலிருந்து சும்மா கிளப் மாறிவிட முடியாது. வேலையை விட்டால்தான் அணியை விடலாம். போன இடம் கல்கத்தா. முகமதன் ஸ்போர்ட்டிங், அடுத்து மோகன் பகான், பிறகு ஈஸ்ட் பெங்கால். மூணுமே ஒண்ணுக்கொண்ணு பரம வைரிகள்! மூணு பேருக்கும் அவர் வேண்டியிருந்தார்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று இந்தியா ஜெயித்தபோது கோலில் நின்றவர் இவர்தான். 1967-ல் அர்ஜுனா விருது.

இன்று அவரைப் பற்றிய பேச்செல்லாம் கல்கத்தா கிளப்களைச் சுற்றியே ஓடுகிறது. வெலிங்டன் வருஷங்கள் ஒரு வரிக் குறிப்பாச் சுருங்கிப்போச்சு. எனக்கு இது நியாயமாப் படல. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம் பிடித்த இந்திய அணியில் அவர் இருந்தது, மதராஸ் ரெஜிமென்ட்டின் ராணுவ வீரராகத்தான்.