ஐராவதிக் கரையில் ஒரு கடன் கணக்கு



"சார், கடன் வாங்கலாமா, கூடாதா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். ஒற்றை வரியில் பதில் சொல்வதைவிட, நம் ஊர்ப் பணம் போய் விளையாடிய ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி ஆற்றின் கழிமுகம் அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் வந்து காட்டை வெட்டினார்கள். ஆனால் வெட்டிய காடு உடனே விளையாது. மாடு, விதை, கூலி, அறுவடை வரை சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார். ரங்கூன் மொகல் தெருவில் அவர்களுடைய கடைகள் வரிசையாக இருந்தன.

அந்தக் கடன் தவறா? இல்லை. 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் நிலம், 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. நிலம் விளைந்தது, விலையும் பல ஆண்டுகள் ஏறுமுகம். கடன் வாங்கிய பணமே கடனை அடைக்கும் வருமானத்தைக் கொண்டுவந்தது. இதுதான் நல்ல கடனுக்கு முதல் அடையாளம்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் நிலத்தை அடமானம் வைத்து மேலும் நிலம் வாங்கினார்கள். சடங்குக்கும் விசேஷத்துக்கும்கூடக் கடன் வாங்கினார்கள். நிலக் கடனை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நெல் விலை ஏறக்குறைய பாதியானது.

கரும்பலகையில் போடுவதுபோல ஒரு கணக்கு போடுவோம். ஒருவருக்கு 300 ரூபாய் கடன். 100 கூடை நெல் 150 ரூபாய் விற்றால், 200 கூடை விற்றுக் கடனை அடைக்கலாம். விலை 75 ஆனால் 400 கூடை வேண்டும். பத்திரத்தில் கடன் அதே 300தான். ஆனால் அவர் உழைப்பில் அது இரண்டு மடங்கு. அதே நேரத்தில் அடமான நிலத்தின் மதிப்பும் விழுந்துவிட்டது.

பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். தலைமுறையாக உழுதவர் தன் நிலத்திலேயே குத்தகைக்காரர் ஆனார். 1930 டிசம்பரில் வெடித்த சாயா சான் கிளர்ச்சிக்குப் பின்னால் வரிச்சுமையோடு இந்த வேதனையும் இருந்தது.

கொடுத்தவர்கள் வாழ்ந்தார்களா? அவர்களுக்குத் தேவை ரொக்கம். கிடைத்ததோ விற்க முடியாத வயல். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. செட்டிநாட்டில் பல குடும்பங்கள் நொடித்துப்போனது இப்படித்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்விகள் நான்கு. இந்தக் கடன் வருமானம் தருமா, இல்லை செலவை மட்டும் தள்ளிப்போடுமா? வருமானம் பாதியானாலும் தவணை கட்ட முடியுமா? பலன் வரும் காலமும் கட்ட வேண்டிய காலமும் ஒத்துப்போகிறதா? அடமானம் வைக்கும் பொருள் போனால் பிழைப்பே போய்விடுமா?

முதல் மூன்று கேள்விக்கும் நல்ல பதில் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். நான்காவதற்கு "ஆம், போய்விடும்" என்று பதில் வந்தால், கடன் தொகையைக் குறையுங்கள், அல்லது ஒரு வருடம் பொறுங்கள். தறியோ, டிராக்டரோ, பிள்ளையின் படிப்போ, எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் மனைவியிடமும், கணவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். விலை ஏறும் காலத்தில் எல்லோருக்கும் கணக்கு சரியாகத்தான் வரும். இறங்கும் காலத்துக்கும் ஒரு முறை போட்டுப் பார்ப்பவர்தான் தப்பிப்பார்.

உங்கள் தாத்தா, பாட்டி யாராவது பர்மாவிலிருந்து வந்தவர்களா? அவர்கள் சொன்ன கதையைக் கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

நலம் சூழ்க.