திருகாணியும் உலக உடன்பாடும்

நம் இல்லப் பெண்மணிகள் காதில் அணியும் தோட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரண்டு தோடுகளையும் ஒரே பொற்கொல்லர் ஒரே நாளில் செய்து தந்திருப்பார். ஆயினும் வலக்காதுத் தோட்டின் திருகாணி இடக்காதுத் தோட்டிற் பெரும்பாலும் சேராது. பாதி ஏறி நின்றுவிடும், அல்லது ஏறாமலே வழுக்கும். திருகாணி தொலைந்துவிட்டால் கடையில் வேறொன்று வாங்கிப் பொருத்த இயலாது. தோட்டையே எடுத்துச் சென்று, அதற்கென்றே ஒன்றைக் கடைந்து வாங்க வேண்டும். அதன் மரை அந்தத் தோட்டுக்கு மட்டுமே சொந்தம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு உலகத்து இயந்திரங்கள் அனைத்தும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தன. அந்த நிலை மாறிய வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். நான் பொறியியல் கற்றேன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவன். தொழிற்சாலைக் குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது சொல்லுக்குப் பொருள் தேடிப் போனேன்; பொருளோடு ஒரு வரலாறும் கிடைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பட்டறைகளில் ஒவ்வொரு போல்ட்டும் அதற்குரிய நட்டும் ஓர் இணையாகவே செய்யப்பட்டன. இயந்திரத்தைப் பிரிக்கும்போது எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்கு உரியது என்று அடையாளமிட்டு வைக்க வேண்டும். அடையாளம் தவறினால், மீண்டும் பூட்டுவது பெருந்தொல்லையாகும். மரையைக் கையாலும் கண் அளவாலும் வெட்டியதே இதற்குக் காரணம்.

இதை மாற்றியவர் ஹென்றி மாட்ஸ்லே. 1771இல் பிறந்த இவர், பன்னிரண்டு வயதிலேயே ஊல்விச் படைக்கலச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1800ஆம் ஆண்டை ஒட்டி இவர் அமைத்த கடைசல் இயந்திரத்தில், வெட்டும் உளியைப் பிடித்திருந்தது மனிதன் கையன்று. துல்லியமாக மரை வெட்டப்பெற்ற நீண்ட தாய்த் திருகு ஒன்று சுழன்று, உளியைத் தாங்கிய சறுக்குப் பலகையைச் சீராக நகர்த்திச் சென்றது. இடையிலுள்ள பற்சக்கரங்களை மாற்றினால், மரையின் நெருக்கத்தையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். ஒரு திருகைப் போலவே நூறு திருகுகளைச் செய்யும் ஆற்றல் இவ்வாறு மனிதனுக்குக் கைவந்தது.

ஆனால் ஆற்றல் வேறு, உடன்பாடு வேறு. மாட்ஸ்லேயின் பட்டறைக்குள் எல்லாம் ஒரே அளவாயிற்று. அடுத்த தெருப் பட்டறையில் வேறோர் அளவு. புகைவண்டி தோன்றிப் பெருகிய காலம் அது. ஓர் ஊரிற் செய்த எஞ்சின் இன்னோர் ஊரிற் பழுதுபட்டு நின்றால், அங்குள்ள நட்டு அதற்குப் பொருந்தாது.

மாட்ஸ்லேயிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த் என்பவர், பின்னர் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை அமைத்தவர். 1841ஆம் ஆண்டில் இவர் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் ஓர் கட்டுரை படித்தார். நாடெங்கும் ஒரே மரை முறை வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால், 'என் பட்டறை அளவையே எல்லோரும் ஏற்க வேண்டும்' என்று அவர் சொல்லவில்லை. முக்கியமான பட்டறைகள் பலவற்றிலிருந்து திருகாணிகளைத் திரட்டி, அவற்றை அளந்து, சராசரி கண்டார். மரையின் பக்கங்களுக்கு இடையிலுள்ள கோணம் 55 பாகை. உச்சியும் அடியும் வளைந்திருக்க வேண்டும். கால் அங்குலத் திருகுக்கு ஓர் அங்குலத்தில் 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8 என்று பட்டியல் வகுத்தார். யாருடைய அளவும் முழுமையாக வெல்லவில்லை. ஆகவே யாரும் முழுமையாகத் தோற்கவுமில்லை. புகைவண்டிக் கம்பெனிகள் இம்முறையை ஏற்றன. கிரிமியப் போரின்போது, 90 பீரங்கிப் படகுகளுக்குரிய எஞ்சின்களை 90 நாட்களில் முடிக்க வேண்டியிருந்தது. உறுப்புகளைப் பல ஆலைகளுக்குப் பகிர்ந்தளித்து, வந்தவற்றை ஒன்றாகப் பூட்ட முடிந்ததென்றால், எல்லா ஆலைகளுக்கும் மரை ஒன்றாக இருந்ததே காரணம்.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் கதை வேறு வழியிற் சென்றது. 1864 ஏப்ரலில், பிலடெல்பியா நகரின் பிராங்க்ளின் கழகத்தில் வில்லியம் செல்லர்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். விட்வொர்த்தின் மரை சிறந்ததே. ஆனால் அதைச் செய்வது கடினம் என்பது அவர் வாதம். 55 பாகையை அளந்து அமைப்பது எளிதன்று. 60 பாகையோ சமபக்க முக்கோணத்தின் கோணம், எந்தத் தொழிலாளியும் வரைந்து சரிபார்க்கலாம். வளைந்த உச்சியைக் கடைவதற்குத் திறமை வேண்டும். தட்டையான உச்சியைச் சாதாரணப் பட்டறையிலும் கடையலாம். இக்கருத்தை அமெரிக்கா ஏற்றது. இரண்டு நாடுகளும் தத்தமக்குள் ஒழுங்கு பெற்றன. ஒன்றுக்கொன்று மட்டும் பொருந்தாமற் போயின. அரை அங்குலப் போல்ட்டுக்கு ஆங்கிலேயர் 12 மரை வைத்தனர். அமெரிக்கர் 13 வைத்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்பானரை இரண்டு சுற்றுச் சுற்றியதும் உண்மை புலப்படும்.

இது வெறும் தொழில் நுணுக்கம், உயிருக்கு உலை வைக்கும் செய்தியன்று என்று எண்ண வேண்டா. 1904 பிப்ரவரி 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தீப்பற்றியது. அண்டை நகரங்களுக்குச் செய்தி பறந்தது. வாஷிங்டனிலிருந்து தீயணைக்கும் படையினர் ரயிலேறி விரைந்து வந்தனர். பிற நகரங்களிலிருந்தும் வந்தனர். ஆட்கள் இருந்தனர், இயந்திரங்கள் இருந்தன, தெருக்குழாயில் நீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களின் மரை பால்டிமோர் நகரத்து நீர்க்குழாயின் மரையோடு பொருந்தவில்லை! துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தனர். நீர் பீறிட்டு வீணாயிற்று. முப்பது மணி நேரம் எரிந்த தீயில் ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் அழிந்தன. உதவி செய்யும் மனம் இருந்தும், உதவி சென்று சேர வழியில்லாமற் போனது. பின்னர் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் தீயணைப்புக் குழாய் இணைப்புகள் 600க்கும் மேற்பட்ட வகைகளாக இருந்தது தெரியவந்தது.

மரையைப் போலவே திருகாணியின் தலைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு பாதுகாப்புக் குறிப்பை மொழிபெயர்த்தபோது, 'தலையில்லாத் திருகாணி' என்று எழுதிவிட்டு, தலையில்லாததை எவ்வாறு திருகுவது என்று மயங்கினேன். தில்லியில் என் அண்டை வீட்டில் அப்போது திருச்சிக்காரர் ஒருவர் இருந்தார். பட்டறையில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன். "தலை இருந்தால் அது வேட்டியைப் பிடித்துக்கொள்ளும், சார். வேட்டியைப் பிடித்தால் ஆளையும் இழுத்துவிடும்," என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். சுழலும் தண்டில் சக்கரத்தை நிலைநிறுத்த, பக்கவாட்டில் ஒரு திருகாணியை முடுக்குவார்கள். பழங்காலத்தில் அதன் சதுரத் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தண்டு வேகமாகச் சுழலும்போது அந்தத் தலை கண்ணுக்குத் தெரியாது. தொழிலாளியின் சட்டைக் கையையோ துணியையோ பற்றி, அவனையே இயந்திரத்துக்குள் சுற்றிவிடும். கை இழந்தோரும் உயிர் இழந்தோரும் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலையே இல்லாமல், முகப்பில் அறுகோணக் குழி மட்டும் கொண்ட திருகாணிகள் அமெரிக்காவிற் பரவின. மேற்பரப்பின் மட்டத்துக்குக் கீழே அது முற்றிலும் மறைந்துவிடும். வளைந்த அறுகோணக் கம்பி ஒன்றைக் குழியில் நுழைத்து முடுக்க வேண்டும். ஆலன் சாவி என்று இன்று நம் தொழிலாளர் சொல்லும் கருவி அதுவே. எத்தனையோ கைகளைக் காப்பாற்றிய கருவி அது.

இவ்வாறே ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வகை பிறந்தது. மோட்டார் கார்கள் வரிசையாக நகர்ந்துவர, தொழிலாளி நின்ற இடத்திலேயே பூட்டும் முறை வந்தபோது, ஒற்றைக் கீறல் கொண்ட தலையில் திருப்புளி நழுவிக் காலத்தை வீணாக்கிற்று. ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய கூட்டல் குறி வடிவக் குழியில் திருப்புளி தானே நடுவில் அமர்ந்துகொள்ளும். 1936ஆம் ஆண்டின் காடிலாக் காரில் அது இடம் பெற்றது. சைக்கிளின் இடப்பக்கப் பெடலைப் பாருங்கள். அதன் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்க அது கழன்றுவிடாதிருக்கவே அந்த ஏற்பாடு. இயந்திரத்தின் மூடியைத் திறந்தாலும் தனியே கீழே விழாமல் மூடியோடு தங்கிவிடும் திருகாணி உண்டு. விழுந்த ஒரு சிறு திருகாணி பற்சக்கரங்களுக்கிடையே சென்றால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும்.

இவை யாவும் பற்றிக்கொண்டு நிற்பது எவ்வாறு? முடுக்கப்பட்ட போல்ட்டு மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே இரண்டு உறுப்புகளையும் நெருக்கிப் பிடிக்கிறது. நெருக்கத்தால் உண்டாகும் உராய்வு நட்டைக் கழலவிடாமல் காக்கிறது. குறைவாக முடுக்கினால் பிடிப்பில்லை. அளவுக்கு மீறி முடுக்கினால் அறுந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பக்கார்டு தொழிற்சாலை செய்து தர முன்வந்தது. எஞ்சின் பிரிட்டனுடையது, அதன் மரைகளும் பிரிட்டனுடையவை. அவற்றை வெட்டும் கருவிகள் அமெரிக்காவிற் கிடைக்கவில்லை. மரையை மாற்றினால், போர்க்களத்தில் இரு நாட்டு எஞ்சின்களின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று உதவா. ஆகவே பக்கார்டு தொழிற்சாலை அக்கருவிகளையும் தானே செய்துகொண்டு, 55,000க்கும் மேற்பட்ட எஞ்சின்களை ஆக்கிற்று. இத்துன்பம் பெரும்பாடமாயிற்று. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளின் வல்லுநர்கள் 1943இல் நியூயார்க்கிலும், 1944இல் லண்டனிலும், 1945இல் ஒட்டாவாவிலும் கூடினர். 1948 நவம்பர் 18ஆம் நாள் வாஷிங்டனில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பிரிட்டன் தன் 55 பாகையை விட்டு 60 பாகையை ஏற்றது. அமெரிக்கா மரையின் அடியில் வளைவை ஏற்றது. எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், விட்வொர்த்தும் செல்லர்ஸும் ஒரே திருகாணியில் சேர்ந்தனர் எனலாம்.

ஐரோப்பாவிலோ 1898ஆம் ஆண்டு சூரிக் நகரில் கூடிய மாநாடு, மீட்டர் அளவில் அமைந்த மரையை வகுத்திருந்தது. 1947இல் உலகத் தர நிர்ணய அமைப்பு தோன்றியபோது, அதன் முதலாவது தொழில்நுட்பக் குழுவுக்குத் தரப்பட்ட பொருள் திருகு மரையே. அவ்வமைப்பைத் தோற்றுவித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அதே 1947இல், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பாக, நம் நாட்டில் இந்தியத் தர நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1987 முதல் அதன் பணியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் நடத்தி வருகிறது.

அக்காலத்து இந்தியாவில் படியும் சேரும் மணங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 1956ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டம் நாடு முழுவதற்கும் மீட்டர் முறையை வகுத்தது. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்ததை முதியோர் மறந்திரார். தொழிற்சாலைகளில் அங்குலம் மெல்ல விலகி, மில்லிமீட்டர் இடம் பெற்றது. இன்று 'எம் 10' என்று கேட்டு வாங்கும் போல்ட்டு பத்து மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் சாதாரண மரைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒன்றரை மில்லிமீட்டர். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், அது தாங்கும் இழுவிசையை அந்த எண்ணே சொல்லும்: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிலையாக உருமாறாது தாங்கும். மொழி தெரியாதவனும் படித்தறியும் செய்தி அது.

ஆயினும் பழையது முற்றிலும் மறைந்துவிடவில்லை. உங்கள் வீட்டு அரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் மரையைப் பாருங்கள். அதன் கோணம் இன்றும் 55 பாகையே. 1841இல் விட்வொர்த் கண்ட சராசரி, நாள்தோறும் காலையில் நம் வாளியை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

நேயர்களே, பிறந்த ஊரை விட்டு வந்து, பிற மாநிலங்களில் வாழ்கின்றோம் நாம். லூதியானாவிற் செய்த போல்ட்டு கோயம்புத்தூர்ப் பம்பிலே தடையின்றி ஏறுவதைக் காணும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. பம்பு தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை; போல்ட்டும் தன் ஊரை மறைக்கவில்லை. சேருகின்ற இடத்தில் மட்டும், இருவருக்கும் பொதுவான ஓர் அளவை ஏற்றன. பால்டிமோர் நகரம் எரிந்த பிறகே கற்ற பாடம் அது. தீப்பற்றும் முன்னரே கற்றுக்கொள்வது நலம் அன்றோ?